நூற்றுக்கு இருபது: முகத்துவாரத்தின் வட்டிக் கணக்கு

மைசூரு பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் பாதுகாத்துவரும் சுவடிகளுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் கொணர்ந்து ஒப்படைத்த ஓலைச்சுவடி அது. எழுத்து கிரந்தம், மொழி வடமொழி. அந்நூலகத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி 1905-ஆம் ஆண்டில் அதனைப் புரட்டிப் படித்தபோது, அதுவரை பிற நூல்களின் மேற்கோள்கள் வாயிலாக மட்டுமே அறியப்பட்டிருந்த கௌடில்யரின் அர்த்தசாத்திரம் தம் கையில் இருப்பதை உணர்ந்தார். 1909-இல் மூலநூல் அச்சேறியது. 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வெளிவந்தது. காவிரியின் கடைமடைப் பகுதியிலிருந்து காவிரியின் மேல்கரைக்கு, ஆற்றோட்டத்துக்கு எதிர்த்திசையில் வந்து சேர்ந்த செல்வம் என்று அதனைச் சொல்லலாம்.

அந்நூலில் கடன் கொடுக்கல் வாங்கல் குறித்த பகுதி ஒன்று உண்டு. வங்கியோடு தொடர்புடைய எவரையும் அது சற்று நிறுத்திவைக்கும். நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் முறையான வட்டி என்கிறது நூல். வணிக நடவடிக்கைக்கு ஐந்து பணம். காட்டுவழியே சரக்கு கொண்டு செல்பவருக்குப் பத்துப் பணம். கடலிற் செல்பவருக்கு இருபது பணம். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முதலாவது 15 சதவீதம், கடைசியது 240 சதவீதம். தரையில் நிற்பவருக்கும் கலம் ஏறுபவருக்கும் இடையே பதினாறு மடங்கு வேறுபாடு.

இது பேராசைக்கு அளித்த அனுமதி என்று தோன்றலாம். அதே நூலின் இன்னொரு பகுதி அவ்வாறு எண்ண இடந்தரவில்லை. புயலில் அடிபட்டுக் கரையொதுங்கும் கலத்தைத் தந்தையைப் போல ஆதரிக்க வேண்டும், நீரில் நனைந்து கெட்ட சரக்குக்குச் சுங்கத்தைத் தள்ளுபடி செய்யவோ பாதியாகக் குறைக்கவோ வேண்டும் என்று கப்பல் துறை அதிகாரிக்கு அது கட்டளையிடுகிறது. ஆகவே கடலின் இடர் எத்தகையது என்பதை அறிந்தே அந்த இருபது பணம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அந்த இடர் எங்கே தொடங்குகிறது? நடுக்கடலில் என்றே பலரும் எண்ணுவர். கலம் செலுத்துவோர் அறிந்த விடை வேறு. பெரும்பாலும் அது ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மைசூருவில் வாழும் நாம் காவிரியைக் கண்ணம்பாடி அணையின் நீர்மட்டமாக, 124.80 அடி என்னும் எண்ணை நோக்கி ஏறியும் இறங்கியும் வரும் நாளிதழ்ச் செய்தியாக அறிவோம். சீரங்கப்பட்டணத்துப் படித்துறைகளில் அதனைத் தொட்டிருப்போம்; வீட்டுக் குழாயிலும் அதே நீரைப் பிடித்திருப்போம். தலைக்காவிரியில் தோன்றிச் சுமார் 800 கிலோமீட்டர் கடந்து அந்த ஆறு பூம்புகாரில் கடலை எப்படிச் சந்திக்கிறது என்பதை நம்மில் பலர் பார்த்ததில்லை.

பாய் இறக்காமல் புகுந்த கலம்

ஆறு கடலிற் புகும் இடமே புகார். காவிரிப்பூம்பட்டினம் என்னும் பெயரின் உட்பொருளும் அதுவே. (வங்கி அலுவலர்களுக்குப் புகார் என்றவுடன் வேறு நினைவு வரும். அந்தச் சொல் பிற்காலத்தில் வேறு வழியில் வந்தது.)

புறநானூற்றின் 30-ஆம் பாடலில், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாராட்டும்போது ஒரு செய்தியைச் சொல்கிறார். பெருங்கலங்கள் பாயைக் களையாமலும் மேற்பாரத்தைக் குறைக்காமலும் புகாருக்குள் நுழைந்தன என்பது அது. கடலறியாத ஒருவருக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாது. துறைமுகத்துக்குக் கப்பல் வருவதில் என்ன புதுமை? ஆனால் கலம் செலுத்துவோருக்கு இதனினும் பெரிய பாராட்டு இல்லை. வழக்கமாக ஒரு முகத்துவாரத்தை அணுகும் பெரிய கலம் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகுகளில் சரக்கை இறக்கி, மிதப்பை உயர்த்தி, பாயைச் சுருட்டிக்கொண்டு, ஆழம் அறிந்த உள்ளூராரின் துணையோடு மெல்ல நுழையும். இறக்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் கூலி உண்டு, காலதாமதம் உண்டு, கவிழும் அச்சமும் உண்டு. அவற்றுள் எதுவும் வேண்டாத ஆழம் காவிரியின் வாயில் அன்று இருந்தது என்பதே புலவர் சொல்லும் செய்தி. நாட்டின் செல்வத்தைப் பாட வந்தவர் பொற்குவியலை விட்டு நீரின் ஆழத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவருடைய வணிக அறிவு போற்றத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை அத்துறைமுகத்தின் சுங்கச்சாவடியைக் காட்டுகிறது. கடல்வழி வந்த குதிரைகள், தரைவழி வந்த மிளகு மூட்டைகள், மேற்கு மலையின் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கீழ்க்கடல் பவளம், ஈழத்து உணவு ஆகியவை அங்கே குவிந்தன. இறங்கும் பொருளுக்கும் ஏறும் பொருளுக்கும் புலி முத்திரை பொறித்தனர் சுங்கம் கொள்வோர். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வேறொரு துறைமுகத்தில், இரவில் கலங்களைக் கரைக்கு அழைக்கும் உயரமான விளக்குமாடம் இடம்பெறுகிறது. சிலப்பதிகாரம் புகாரின் கடற்கரையிலேயே கலங்கரை விளக்கத்தைக் குறிப்பிடுகிறது. சுங்கமும் விளக்கும் ஒரே அரசின் இரு கைகள் என்று கொள்ளலாம். வணிகத்திலிருந்து வரி பெற்றவர்கள் அதன் பாதுகாப்புக்கும் செலவிட்டிருக்கிறார்கள்.

கிரேக்க நிலவியலாளர் தாலமி இத்துறையைக் கபேரிஸ் என்று பதிவு செய்தார். கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வு, படகுகளைக் கட்டுவதற்கான மரத்தூண்களுடன் கூடிய செங்கல் படகுத்துறை ஒன்றை வெளிக்கொணர்ந்தது. அத்துறையின் அருகே இன்று கலம் மிதக்கும் நீர் இல்லை.

அக்காலத்துக் கடல் கடன் ஒன்றின் ஆவணமே நமக்குக் கிடைத்திருக்கிறது. அது மேற்குக் கரையின் பெரியாற்று முகத்துவாரத்தில் விளங்கிய முசிறியைச் சார்ந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பாப்பிரஸ் தாள் இப்போது வியன்னாவில் உள்ளது. ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தம். மறு பக்கத்தில் ஹெர்மபோலான் என்னும் கப்பல் கொண்டுசென்ற நறுமணப் பொருள், தந்தம், துணி ஆகியவற்றின் மதிப்பு. சரக்கே கடனுக்கு ஈடு. தவணை தவறினால் அது கடன் கொடுத்தவரைச் சேரும். மத்தியதரைக் கடல் பகுதியில் வழங்கிய கடல் கடன்களின் பொது மரபில் இன்னொரு விதியும் இருந்தது. கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கிவிடும். அதாவது வட்டிக்குள்ளேயே காப்பீட்டுக் கட்டணமும் அடங்கியிருந்தது. கௌடில்யரின் இருபது பணத்தையும் அந்த வெளிச்சத்தில் படித்தால் அது அவ்வளவு கொடுமையாகத் தெரியாது.

மணல் திட்டு

பாய் இறக்காமல் கலம் புகுந்த அந்த வாய் இப்போது எப்படி இருக்கிறது?

முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளநீரின் பெரும்பகுதி அதன் வழியே சென்று பழையாறு அருகே கடலை அடைகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதன்பின் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள் பல. வயல்களுக்கெல்லாம் பகிர்ந்தளித்துவிட்டு மயிலாடுதுறையைத் தாண்டும் காவிரி ஒரு வாய்க்காலின் தோற்றத்திலேயே இருக்கிறது. பூம்புகாருக்குச் சற்று முன்பாக மேலையூரில் கடைமுகத் தடுப்பணை. அதற்கு அப்பால் செல்வதே கடலுக்கு உரிய பங்கு.

முகத்துவாரம் திறந்திருக்க வேண்டுமானால் அங்கே இரு விசைகளுக்கிடையே ஒரு சமநிலை வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலை நகர்த்துகின்றன. சோழகக் காற்றின் மாதங்களில் வடக்கு நோக்கி, வாடைக் காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கி. ஆண்டின் நிகரக் கணக்கில் வடக்கே செல்வதுதான் மிகுதி. அந்த மணல் ஆற்றின் வாயில் தங்கித் திட்டாகிறது. அதனை அகற்ற வல்லவை ஏற்றவற்ற நீரோட்டமும் ஆற்று வெள்ளமும். இக்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே ஓதத்தை மட்டும் நம்ப இயலாது. ஆறுதான் மணலைத் தள்ள வேண்டும். ஆறு வராத மாதங்களில் வாய் குறுகும்; சில இடங்களில் முற்றிலும் அடைபடும். அணைகள் நீரோடு வண்டலையும் தேக்கிவைப்பதால், கடல் அரிக்கும் கரையை மீண்டும் நிரப்பும் மண்ணும் குறைகிறது.

நீரை எவருக்கு எவ்வளவு பகிர்வது என்ற வழக்கு இக்கட்டுரையின் பொருளன்று. ஆயினும் கடலில் கலக்கும் நீர் வீணாகும் நீர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அது முகத்துவாரத்து மக்களின் காதில் எப்படி விழும் என்று எண்ணிப் பார்க்கலாம். வங்காளத்தில் ஹூக்ளி ஆறு வண்டல் படிந்து கொல்கத்தா துறைமுகம் நலிந்தபோது, கங்கை நீரின் ஒரு பகுதியை அதற்குள் திருப்புவதற்காகவே ஃபரக்கா தடுப்பணை கட்டப்பட்டு 1975-இல் செயல்பாட்டுக்கு வந்தது. வாயைத் திறந்துவைக்கவும் நீர் வேண்டும் என்று ஓர் அரசு கணக்கில் எழுதிய நிகழ்வு அது.

படகோட்டிக்கு மணல் திட்டு எவ்வாறு ஆபத்தாகிறது? ஆழ்கடலில் அகன்று தாழ்ந்து வரும் அலை, ஆழம் குறைந்ததும் வேகம் தளர்ந்து, உயர்ந்து, முன்புறம் செங்குத்தாகி உடைகிறது. எதிரே ஆற்று நீர் வெளியேறிக்கொண்டிருந்தால் அலைகள் இன்னும் நெருங்கிச் செங்குத்தாகின்றன. வெளியே செல்லும்போது படகின் முகப்பு அலையைப் பார்த்து ஏறும். மீன் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் சிக்கல். பின்புறமிருந்து வரும் அலை படகைத் தூக்கி ஓட்டும். முகப்பு மணலில் குத்தினால் படகு பக்கவாட்டில் திரும்பும். அடுத்த அலை அதனைக் கவிழ்க்கும். வாயைத் திறந்துவிடும் அதே வெள்ளம் சில நாள்களுக்கு அதைக் கடக்க இயலாததாகவும் ஆக்குகிறது. இரவெல்லாம் கடலில் நலமாக இருந்துவிட்டுக் கரை கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விபத்துக்குள்ளாவது முகத்துவாரத்துக்கே உரிய கொடுமை.

இதனை எதிர்கொள்ளப் பழைய சோழமண்டலக் கரை ஒரு தொழில்நுட்பத்தை வளர்த்திருந்தது. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அவை. மணலில் மோதினால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். 1620-இல் தஞ்சை நாயக்கரின் இசைவோடு தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டென்மார்க் நாட்டாரும், சென்னையில் ஆங்கிலேயரும் தம் பெருங்கப்பல்களைத் திறந்த கடலில் நிறுத்திவிட்டு, கரை சேர உள்ளூர்ப் படகோட்டிகளையே நம்பியிருந்தனர்.

நம்பியும் தவறியவை பல. பூம்புகாருக்கு அப்பால் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த கப்பல் ஒன்றைத் தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதிலிருந்து மீட்ட ஈயப் பாளங்களில் டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த ஈயத்துக்கு எங்கோ ஒரு கணக்குப் பேரேட்டில் வரவு எதிர்பார்த்து ஒரு வரி எழுதப்பட்டிருக்கும்.

ஏலக்காரரும் வங்கியும்

இன்று பூம்புகாரிலும் பழையாற்றிலும் மீன்பிடித் துறைமுகங்கள் உள்ளன. கட்டுமரங்களின் இடத்தைப் புறப்பொறி பொருத்திய ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துவிட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இம்மாற்றம் விரைவுற்றது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பூம்புகாரும் அப்போது அம்மாவட்டத்தில்தான் இருந்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020-இல். பேரலைக்குப் பின் ஹைதராபாத்தில் அமைந்த முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. படகுகளில் பொருத்தும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, அலைபேசி எட்டாத தொலைவிலும் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் உதவுகிறது. கடலோரக் காவல்படையின் அவசர உதவி எண் 1554.

கடன் முறையின் மாற்றம் இவ்வளவு விரைவாக நடைபெறவில்லை. படகும் வலையும் வாங்க மீனவர் பலர் இன்றும் ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் பெறுகின்றனர். பெயரளவில் வட்டி இராது. ஆனால் கடன் தீரும்வரை பிடித்த மீனை அவர் வழியாகவே விற்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அவருக்குக் கழிவு உண்டு. இதனைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. நள்ளிரவில் எஞ்சின் பழுதானால் பணம் தருபவர் அவர். மீன் படாத மாதத்தில் தவணை கேட்காதவரும் அவரே. இடரில் பங்கேற்கும் அந்தக் குணத்துக்காகவே மீனவர் அவரிடம் செல்கின்றனர். வங்கிகள் அவரைக் குறை கூறுவதோடு நில்லாமல், அந்தக் குணத்தையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

2018-19 நிதிநிலை அறிக்கை உழவர் கடன் அட்டையை மீனவருக்கும் விரிவாக்கியது. டீசல், பனிக்கட்டி, வலைப் பழுது போன்ற நடைமுறைச் செலவுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் கடன். தவணை தவறாதவருக்கு மேலும் 3 சதவீதச் சலுகை. மாதம் நூற்றுக்கு இருபது என்பதிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வரை வந்திருக்கிறோம். கடலின் இயல்பு மாறவில்லை. வட்டியிலிருந்து காப்பீடு தனியே பிரிந்து நிற்கிறது. மானியச் சுமையை அரசு ஏற்கிறது. பதிவு பெற்ற மீனவருக்கு, பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். இவையன்றி, வங்கிக் கணக்கு வைத்திருப்போருக்கான சுரக்ஷா பீமா திட்டம் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சத்துக்கான விபத்துக் காப்பீட்டை அளிக்கிறது.

இத்தனைக்கும் பின் ஓர் ஓட்டை எஞ்சுகிறது. கடல் உடலைத் திருப்பித் தராதபோது என்ன செய்வது?

உடல் கிடைத்தால் இறப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதனைக் கொண்டு காப்பீடும் கணக்கிலுள்ள பணமும் கிடைக்கும். உடல் கிடைக்காவிட்டால், ஏழாண்டு காலம் செய்தி அறியப்படாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. அந்த ஏழாண்டுகளில் மனைவி கணவனை இழந்தவராகவும் கருதப்பட மாட்டார். கணவன் பெயரிலுள்ள சேமிப்பைத் தொடவும் இயலாது. படகுக் கடனின் தவணை மட்டும் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். 2004 பேரலைக்குப் பின்னும், 2017 ஒக்கி புயலில் குமரி மீனவர் பலர் திரும்பாதபோதும், இதற்கெனத் தனி நடைமுறை வகுக்க நேர்ந்தது. பேரிடரில் அரசின் கவனம் கிட்டும். முகத்துவாரத்தில் ஒற்றைப் படகு கவிழ்ந்து ஒருவர் மட்டும் காணாமற்போகும் சாதாரண நாளில் அந்தக் கவனம் கிட்டுவதில்லை.

இங்கே வங்கி செய்யக்கூடியது சிறிதளவு உண்டு. காணாமற்போனோரின் கணக்குகள் குறித்து ஒவ்வொரு வங்கியும் கொள்கை வகுக்க வேண்டும் என்றும், ஒரு குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட தொகையைக் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறைச் சான்று, ஈட்டுறுதிப் பத்திரம் ஆகியவற்றின் பேரிலேயே வழங்கலாம் என்றும் ரிசர்வ் வங்கி 2008-இல் அறிவுறுத்தியது. கடலோரக் கிளையாயினும் மலையோரக் கிளையாயினும் இது பொருந்தும். இதனை அறியாமல் நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பங்கள் இருக்கக்கூடும். கிளையில் கேட்பதில் தவறில்லை. வரம்பு எவ்வளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வாடிக்கையாளர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அது நியமனதாரரைப் பதிவு செய்வது. 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்கு ஒன்றுக்கு நால்வர் வரை நியமிக்கலாம். எவருக்கு எத்தனை பங்கு என்றும் குறிப்பிடலாம். மீனவக் கூட்டுக் குடும்பத்தில் தாயும் மனைவியும் ஒரே வருமானத்தை நம்பியிருக்கும் நிலையில் இது பயனுள்ள மாற்றம். மைசூருவில் மாதச் சம்பளம் பெறும் நமக்கும் அந்தப் படிவத்தின் கட்டம் காலியாகவே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபுவழி நாள் ஜூன் 12. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-ஆம் நாள் நள்ளிரவில் முடிகிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் இரண்டு நாள் இடைவெளியில் கதவு திறக்கிறது. அணைநீர் மேலையூர் தடுப்பணையை வந்தடையும்போது விவசாயிகள் மலரும் நெல்மணியும் தூவி அதனை வரவேற்பது வழக்கம். கதவுகளைத் தாண்டி எஞ்சிய நீர் இன்னும் சிறிது தொலைவு சென்று மணல் திட்டில் மோதும். அந்நாள்களில் விடியற்காலையில் படகைத் தள்ளுபவர், எஞ்சினை இயக்குமுன் முகத்துவாரத்து நீரின் நிறத்தைப் பார்ப்பார். செம்மை படர்ந்திருந்தால், எந்தப் பக்கம் வாய் ஆழமாகியிருக்கிறது என்று தேடத் தொடங்குவார்.